எலியட்டின் பூனைகள் மேடையேறிய கதை: 'கேட்ஸ்' இசைநாடகத்தின் வரலாறு

குழந்தைகள் படிப்பதற்கு இது மிகவும் துயரமானது என்று கருதி, டி.எஸ். எலியட் தம்முடைய பூனைக் கவிதைத் தொகுப்பில் சேர்க்காமல் விட்டுவிட்ட எட்டு வரிகள் உண்டு. ஒரு காலத்தில் அழகியென்று பேர் வாங்கி, பின்னர் எல்லோராலும் ஒதுக்கப்பட்டு, லண்டனின் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையை ஒட்டிய அழுக்குத் தெருக்களில் அலைந்து திரியும் கிரிசபெல்லா என்ற பெண் பூனையைப் பற்றிய வரிகள் அவை. 1939-இல் வெளிவந்த தொகுப்பில் அந்தப் பூனைக்கு இடமில்லை. கவிஞர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1980-இல், அவருடைய மனைவி வேலரி எலியட் அந்த வரிகளை ஓர் இசையமைப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த ஆண்டு மேடையேறி, லண்டனில் 21 ஆண்டுகளும் நியூயார்க்கில் ஏறத்தாழ 18 ஆண்டுகளும் இடைவிடாமல் நடந்த 'கேட்ஸ்' இசைநாடகத்தின் முதுகெலும்பு அந்த எட்டு வரிகள்தாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த நீண்ட பதிவை எழுதுவதற்கும் அந்த நம்பிக்கையே காரணம்.

அந்த இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். அவருடைய பெயரைத் தமிழ் வாசகர்களில் பலர் முதலில் அறிந்தது, ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் 2002-இல் லண்டனில் அரங்கேறிய 'பாம்பே ட்ரீம்ஸ்' நாடகத்தின் தயாரிப்பாளராகத்தான் இருக்கும். அவருடைய சொந்தப் படைப்புகளில் 'கேட்ஸ்' அளவுக்குப் புகழப்பட்டதும் இல்லை, அந்த அளவுக்கு ஏளனம் செய்யப்பட்டதும் இல்லை. பூனை வேடமிட்ட ஆட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து தம்மை அறிமுகம் செய்துகொண்டு போகிறார்கள், கதை என்று ஒன்றுமே இல்லை என்பது நாற்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் குறை. அந்தக் குறையை ஏற்பதற்கு முன்னால், இந்த நாடகம் எந்த மூலத்திலிருந்து, எந்த நிபந்தனைகளின்கீழ் உருவானது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

1922-இல் வெளியான 'தி வேஸ்ட் லேண்ட்' என்ற நெடுங்கவிதையால் இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிதையையே திசைதிருப்பியவர் எலியட். 1930களில் அவர் லண்டனின் ஃபேபர் அண்ட் ஃபேபர் பதிப்பகத்தில் இயக்குநர் பொறுப்பில் இருந்தார். நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் அவருக்குச் சூட்டிய செல்லப் பெயர் 'ஓல்ட் பாஸம்' (பாஸம் என்பது ஒரு சிறு விலங்கு). பதிப்பகத்தின் தலைவர் ஜெஃப்ரி ஃபேபரின் மகன் டாம், நண்பர் ஜெஃப்ரி டாண்டியின் மகள் அலிசன் போன்ற குழந்தைகளுக்கு அவர் எழுதிய கடிதங்களில் பூனைகளைப் பற்றிய பாட்டுகள் இடம்பெறத் தொடங்கின. முதலில் நாய்களையும் பூனைகளையும் சேர்த்து ஒரே நூலாகக் கொண்டுவருவதாகத்தான் எண்ணம் இருந்தது. 1936-இலேயே பதிப்பகம் அப்படியொரு நூலை அறிவித்தும் விட்டது. நாளடைவில் நாய்கள் பின்தங்கிப் பூனைகள் முன்னுக்கு வந்தன. 1937-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டி, அந்த ஜெஃப்ரி டாண்டியே பிபிசி வானொலியில் இந்தக் கவிதைகளில் சிலவற்றை வாசித்தார். ஆகவே, இவை அச்சில் ஏறுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லப்பட்டு, காதால் கேட்கப்பட்டவை. இந்த வரலாற்றில் இதை முக்கியமான செய்தியாக நான் கருதுகிறேன்.

1939 அக்டோபரில், உலகப் போர் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்த நேரத்தில், 'ஓல்ட் பாஸம்ஸ் புக் ஆஃப் பிராக்டிகல் கேட்ஸ்' 14 கவிதைகளுடன் வெளிவந்தது. முதல் பதிப்பின் அட்டைப்படத்தை எலியட்டே வரைந்திருந்தார். அடுத்த ஆண்டு நிக்கலஸ் பென்ட்லியின் ஓவியங்களோடு ஒரு பதிப்பு வந்தது. 1952-இல் பதினைந்தாவதாக ஒரு கவிதை சேர்ந்தது. எலியட்டின் பிற கவிதைகளுக்கு அடிக்குறிப்புகளும் உரைகளும் தேவைப்பட்ட காலத்தில், இந்தச் சிறு நூலைப் பிரிட்டனின் வீடுகளில் தாய்மார்கள் படுக்கையறையில் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். அப்படிக் கேட்டு வளர்ந்த குழந்தைகளில் ஒருவர் லாயிட் வெப்பர்.

எளிய கவிதைகள் என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. சந்தத்தில் எலியட்டுக்கு இருந்த ஆளுமை அவருடைய பெருங்கவிதைகளைவிட இங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது. ரயில்வே பூனையான ஸ்கிம்பிள்ஷாங்க்ஸைப் பற்றிய கவிதை, இரவு 11.39 மணிக்கு நடைமேடையில் எழும் சலசலப்போடு தொடங்குகிறது. பூனையைக் காணவில்லை, பூனை வராமல் அஞ்சல் வண்டி புறப்படாது. படுக்கைப் பெட்டிக்குள் முகம் கழுவுவதற்கென்று ஒரு சின்னஞ்சிறு தொட்டி, தும்மல் வந்தால் சன்னலைச் சாத்துவதற்கு ஒரு கைப்பிடி, காலைத் தேநீர் திடமாக வேண்டுமா இளசாக வேண்டுமா என்று பணிவோடு கேட்கும் காவலர் என ஸ்காட்லாந்துக்குப் போகும் ஓர் இரவு வண்டியின் உட்புறம் முழுவதும் அந்தக் கவிதையில் இருக்கிறது. அடிகள் நீண்டும் குறுகியும் வந்து, தண்டவாளத்தின் ஓசையைத் தாமாகவே எழுப்பிவிடுகின்றன. குற்றவாளிப் பூனையான மெக்காவிட்டி, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் வரும் மோரியார்ட்டியைப் பார்த்து வார்க்கப்பட்டவன். பழைய நாடகக்காரப் பூனையான கஸ், கை நடுங்க மதுக்கடையின் பின்புறத்தில் அமர்ந்து, தான் ஆடிய வேடங்களை நினைவுகூர்கிறது. ஒவ்வொரு கவிதையும் தனி ஓர் ஆளின் வாழ்க்கைச் சித்திரம். ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் கதைத் தொடர்பு கிடையாது. பின்னாளில் நாடகத்தின்மேல் விழுந்த பழி இங்கே பிறந்தது.

லாயிட் வெப்பருக்கு முன்பும் இசையமைப்பாளர்கள் இவற்றைத் தொட்டிருக்கிறார்கள். 1954-இல் ஆலன் ராஸ்தோர்ன் ஆறு கவிதைகளை எடுத்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க இசைக்குழு பின்னணி வாசிப்பதாக ஒரு படைப்பை உருவாக்கினார். டிஸ்னி நிறுவனம் அசைபடமாக எடுக்க விரும்பியபோது எலியட் மறுத்துவிட்டார் என்பதைப் பின்னர் வேலரி சொல்லியிருக்கிறார். தம்முடைய பூனைகள் தெருப்பூனைகள், அவை கொஞ்சிக் குலாவும் பொம்மைகளாக மாறிவிடக் கூடாது என்ற எண்ணம் கவிஞருக்கு இருந்தது. கணவரின் அந்த எண்ணத்தைத் தம் காலத்திலும் காப்பாற்ற வேண்டும் என்பதில் வேலரி மிகவும் கவனமாக இருந்தார்.

1977-இல் லாயிட் வெப்பர் இந்தக் கவிதைகளுக்கு இசையமைக்கத் தொடங்கியபோது அவர் ஏற்கெனவே பெரும்புகழ் பெற்றிருந்தார். பாடலாசிரியர் டிம் ரைஸுடன் இணைந்து உருவாக்கிய 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' உலகம் சுற்றி வந்திருந்தது, 'எவீட்டா' மேடைக்காக உருவாகிக்கொண்டிருந்தது. அதுவரை அவருடைய வழக்கம், முதலில் மெட்டு, பிறகு அதற்கேற்ற பாட்டு என்பதுதான். எழுதி முடித்து நிலைபெற்றுவிட்ட ஒரு கவிதைக்கு, ஒரு சொல்லைக்கூட நீட்டவோ குறைக்கவோ உரிமையின்றி மெட்டமைக்கத் தம்மால் முடியுமா என்று சோதித்துப் பார்க்கவே அவர் இதை எடுத்துக்கொண்டார். 'மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா' என்ற விவாதத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சோதனையின் கடினம் எளிதில் புரியும். பாரதியின் கவிதைகளுக்கு மெட்டமைத்த நம்முடைய இசையமைப்பாளர்கள் எதிர்கொண்ட சிக்கலும் இதுவே. சந்தம் ஏற்கெனவே முழுமையாக இருக்கும் கவிதையில் இசை தனக்கென்று ஓர் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்கிம்பிள்ஷாங்க்ஸ் பாடலில் அவர் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. எலியட்டின் அடிகள் வழக்கமான தாளக்கட்டுக்குள் அடங்காத இடத்தில் அவற்றைக் கத்தரிக்காமல், 13 எண்ணிக்கை கொண்ட விசித்திரமான தாளத்தில் அந்தப் பாடலை அமைத்தார். கேட்பவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. வண்டி ஓடுவது மட்டுமே கேட்கும்.

1980 கோடையில், ஹேம்ப்ஷயரிலுள்ள தம்முடைய சிட்மன்டன் பண்ணை வீட்டில் ஆண்டுதோறும் நடக்கும் சிறு விழாவில், அவர் இந்தப் பாடல்களைத் தொகுப்பாகப் பாடச் செய்தார். அந்த நிலையில் இது நாடகமே அல்ல, வெறும் பாடல் தொகுப்பு. கேட்க வந்திருந்த வேலரி எலியட், கணவரின் வெளிவராத கையெழுத்துப் படிகள் சிலவற்றை உடன் எடுத்து வந்திருந்தார். கிரிசபெல்லாவின் எட்டு வரிகள் அவற்றில் இருந்தன. அவற்றைப் படித்த பிறகுதான் இதை ஒரு முழு நாடகமாக ஆக்க முடியும் என்ற எண்ணம் தமக்கு உறுதிப்பட்டதாக லாயிட் வெப்பர் சொல்லியிருக்கிறார். வேலரி உரிமம் தந்தார்; கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தார். பாடல்களின் மூலம் எலியட்டின் எழுத்தாகவே இருக்க வேண்டும், வெளியார் ஒருவர் கதை வசனம் எழுதி நுழைக்கக் கூடாது. இன்றைக்கு ஒரு தயாரிப்பாளரிடம் இப்படிச் சொன்னால் அடுத்த நாளே அந்த முயற்சி கைவிடப்படும். இவர்களோ அந்த நிபந்தனைக்குள் நின்றுகொண்டு வழி தேடினார்கள்.

வழி கண்டவர் இயக்குநர் ட்ரெவர் நன். அப்போது ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் கலை இயக்குநராக இருந்தவர் அவர். முழுநேர ஷேக்ஸ்பியர்காரரைப் பூனை நாடகத்துக்கு அழைத்தது பலருக்கு வியப்பாக இருந்திருக்கிறது. எலியட் ஒரு கடிதத்தில், நாய்களையும் பூனைகளையும் சேர்த்து எழுத நினைத்துக் கைவிட்ட அந்தப் பழைய திட்டத்தின்படி, விலங்குகள் எல்லாம் ஒரு பலூனில் ஏறி லண்டனின் ரஸ்ஸல் ஹோட்டலையும் கடந்து மேலே மேலே போய் 'ஹெவிசைட் அடுக்கை' அடைவதாக எழுதியிருந்தார். ஹெவிசைட் அடுக்கு என்பது வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் வளிமண்டல மேலடுக்கு ஒன்றின் பெயர். இயற்பியலாளர் ஆலிவர் ஹெவிசைடின் பெயரால் வழங்குவது. எலியட் அதைப் பூனைகளின் சொர்க்கமாக ஆக்கியிருந்தார். எலியட் புனைந்த 'ஜெல்லிகிள்' என்ற பூனைக்கூட்டம், அதாவது ஜெல்லிகிள் பூனைகள், நிலவொளியில் ஆட்டத்துக்குக் கூடுகின்றன என்பது தொகுப்பிலேயே இருக்கும் கவிதை. இவ்விரண்டையும் கிரிசபெல்லாவையும் நன் ஒன்றாகக் கோத்தார். ஆண்டுக்கு ஒருமுறை நிலவிரவில் பூனைகள் கூடுகின்றன. முதிய பூனையான ஓல்ட் டியூட்டரானமி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். தேர்வான பூனை ஹெவிசைட் அடுக்குக்கு ஏறிச்சென்று மறுபிறவி பெறும். நாடகத்தின் கதை மொத்தமும் இவ்வளவுதான். ஆனால் இந்த நூலிழை முழுவதும் எலியட்டின் தாள்களிலிருந்தே உருவப்பட்டது. கதை மெலிந்திருப்பதற்குக் காரணம் சோம்பலன்று, கவிஞரின் எழுத்துக்குக் காட்டிய விசுவாசம் என்பதே என் வாதம்.

தொடக்கப் பாடலை, எலியட்டின் வெளிவராத ஒரு கவிதையின் அமைப்பைப் பின்பற்றி, நன்னும் பாடலாசிரியர் ரிச்சர்ட் ஸ்டில்கோவும் எழுதினார்கள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் முதிய பூனை சொல்லும் வரிகள் எலியட்டின் 'ஃபோர் குவார்ட்டெட்ஸ்' நெடுங்கவிதையிலிருந்து வந்தவை. அனுபவம் நமக்கு வாய்த்தது, அதன் பொருளைத்தான் தவறவிட்டோம் என்ற கருத்துடைய அந்தப் பகுதியை, குழந்தைகளும் அமர்ந்திருக்கும் ஓர் அரங்கில் கூசாமல் வைத்திருக்கிறார்கள்.

இனி, கிரிசபெல்லா பாடும் 'மெமரி'. எலியட்டின் நூலில் இல்லாத பாடலே இந்த நாடகத்தின் மிகப் புகழ்பெற்ற பாடலாயிற்று. மெட்டு லாயிட் வெப்பரிடம் முன்பே இருந்தது. வேறு யாரோ போட்ட மெட்டை, பெரும்பாலும் இத்தாலிய ஆப்பெரா இசையமைப்பாளர் புச்சினியுடையதை, தம்மை அறியாமலே எடுத்துவிட்டோமோ என்ற பயம் அவருக்கு. இசை ஆசிரியரான தந்தை வில்லியம் லாயிட் வெப்பரிடம் வாசித்துக் காட்டி, இது எதைப் போல இருக்கிறது என்று கேட்டார். பத்து லட்சம் டாலரைப் போல இருக்கிறது என்று தந்தை பதில் சொன்னார். பாடல் வரிகளுக்காக டிம் ரைஸையும் அணுகினார்கள். அவர் எழுதித் தந்தது பயன்படவில்லை. நிலைத்தது, நன் எழுதிய வரிகள்.

நன் வெறுங்கையோடு எழுத உட்காரவில்லை. எலியட் தம் 22-ஆம் வயதில், 1911-இல் எழுதிய 'ராப்சடி ஆன் எ விண்டி நைட்' என்ற கவிதையை எடுத்து வைத்துக்கொண்டார். நள்ளிரவு தொடங்கி விடியற்காலை நான்கு மணி வரை ஒருவன் தெருவில் நடக்கிறான். கடந்துபோகும் ஒவ்வொரு தெருவிளக்கும் பறைபோல் அதிர்ந்து அவனிடம் பேசுகிறது. வாசலில் தயங்கி நிற்கும் ஒரு பெண்ணைப் பார் என்கிறது விளக்கு. அவளுடைய உடையின் ஓரம் கிழிந்து மணற்கறை படிந்திருக்கிறது, அவளுடைய கடைக்கண் வளைந்த ஊசியைப் போல முறுக்கிக்கொள்கிறது. நாடகத்தில் கிரிசபெல்லா முதன்முதலில் தோன்றும்போது மற்றப் பூனைகள் அவளைச் சுட்டிப் பாடும் வரிகளில் அந்தக் கிழிந்த ஓரமும் அந்தக் கடைக்கண்ணும் அப்படியே வருகின்றன. அந்தப் பழைய கவிதையிலேயே ஒரு பூனையும் இருக்கிறது: சாக்கடையில் உடலைத் தட்டையாக்கிப் படுத்து, நாக்கை நீட்டி, கெட்டுப்போன வெண்ணெய்த் துண்டை விழுங்கும் தெருப்பூனை. எலியட்டின் இளமைக் காலத்துத் தெருப்பெண்ணையும், நடுவயதில் அவர் எழுதி ஒதுக்கிய கிரிசபெல்லாவையும் ஒரே உருவமாக நன் இணைத்தது நுட்பமான இலக்கிய வாசிப்பு என்றே சொல்வேன். கவிதை அறிந்தவர்கள் இதை ஒரு மெல்லிசைப் பாட்டு என்று ஒதுக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாடகத்துக்குப் பணம் திரட்டுவது மிகவும் கடினமாக இருந்தது. தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷ் அப்போது அவ்வளவாகப் புகழ்பெற்றிராதவர். பூனைகளைப் பற்றி ஓர் இறந்த கவிஞர் எழுதிய பாட்டுகளில் முதலீடு செய்யப் பெரிய புள்ளிகள் முன்வரவில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட சிறு முதலீட்டாளர்களிடம் தொகை சேர்த்தார்கள். மீதிக்கு லாயிட் வெப்பர் தம் வீட்டை அடமானம் வைத்தார். கிடைத்த அரங்கமும் ராசியில்லாதது என்று பேர் வாங்கியது. டுரூரி லேனிலுள்ள நியூ லண்டன் தியேட்டர் 1973-இல் திறக்கப்பட்டிருந்தும் அங்கே எந்த நாடகமும் நிலைபெற்றிருக்கவில்லை.

வடிவமைப்பாளர் ஜான் நேப்பியருக்கு அந்த அரங்கத்தின் ஓர் அம்சம் மிகவும் உதவியது. மேடையோடு சேர்ந்து பார்வையாளர் இருக்கைகளில் ஒரு பகுதியும் சுழலக்கூடிய அமைப்பு அங்கே இருந்தது. முன்னிசை ஒலிக்கும்போதே இருக்கைகள் மெல்ல நகர்ந்து மேடையைச் சூழ்ந்துகொள்ளும். மேடை முழுவதும் ஒரு குப்பைமேடு. பூனையின் கண்ணளவில் பார்த்தால் உலகம் எப்படித் தெரியுமோ அப்படி, பழைய டயரும் தகரப்பெட்டியும் தேய்ந்துபோன செருப்பும் ஆளைவிடப் பெரியனவாகக் கிடக்கும். உடலோடு ஒட்டிய உடையில் கையாலேயே வண்ணம் தீட்டி, யாக் எருமையின் முடியால் செய்த பொய்முடியைச் சூட்டினார்கள். முழுப் பூனைத்தோல் போர்த்தாததால் ஆடுபவரின் உடல் தெரிந்தது. மனிதரும் பூனையும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டனர். நடனத்தை அமைத்த கில்லியன் லின், சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே குழுவில் ஆடி வளர்ந்தவர். அமெரிக்கர்களைப் போல ஆடிக்கொண்டே பாடும் திறமை பிரிட்டிஷ் கலைஞர்களுக்கு இல்லை என்று பரவலாக நம்பப்பட்ட காலத்தில், பாலே, ஜாஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் மூன்றையும் கலந்து, நாடகம் முழுவதையும் ஆட்டத்தின்மேல் நிறுத்தினார் அவர்.

ஒத்திகையின்போது எதிர்பாராத இடி விழுந்தது. கிரிசபெல்லாவாகவும் மற்றொரு பூனையாகவும் நடிக்கவிருந்த நடிகை ஜூடி டென்ச்சுக்குக் குதிகால் தசைநாண் அறுந்துபோயிற்று. அரங்கேற்றத்துக்குச் சில நாள்களே இருந்த நிலையில், 'எவீட்டா'வில் நடித்துப் புகழ்பெற்றிருந்த எலைன் பெய்ஜ் அந்த வேடத்தை ஏற்றார். 1981 மே 11 அன்று நாடகம் அரங்கேறியது. அன்றிரவு வெடிகுண்டு மிரட்டல் வந்து, பார்வையாளர்களை அரங்கத்திலிருந்து வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஆனாலும் அடுத்த சில வாரங்களில் நுழைவுச்சீட்டுக் கிடைப்பது அரிதாகிவிட்டது. எலைன் பெய்ஜ் பாடிய 'மெமரி' பிரிட்டிஷ் இசைப்பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறியது. பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், பேரி மனிலோ போன்றோரும் அதைப் பாடிப் பதிவு செய்தனர்.

இந்த நாடகத்தின் மேடைக்கலையை ஒரே காட்சியில் காட்ட வேண்டுமென்றால் நான் ரயில்வே பூனையின் பாடலைத்தான் சொல்வேன். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, பூனைகள் குப்பைமேட்டிலிருந்து கையில் அகப்பட்டதை எடுத்து வருகின்றன. உடைந்த சக்கரங்கள் ஒருபுறம், பழைய குடை ஒருபுறம், முன்புறத்தில் ஒரு விளக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நீராவி எஞ்சின் உருவாகி, சக்கரம் சுழன்று, புகையும் வருகிறது. சில நொடிகளில் எல்லாம் கலைந்து மறுபடியும் குப்பையாகிவிடுகிறது. இந்தக் காட்சியில் கதை என்று சொல்ல ஏதுமில்லை. ஆனால், கவிதை என்பது இருக்கும் சொற்களை எடுத்து இல்லாத ஒன்றைக் கட்டுவதுதான் என்பதை இதைவிடத் தெளிவாக மேடையில் காட்டிவிட முடியாது.

1982 அக்டோபர் 7 அன்று நியூயார்க்கின் விண்டர் கார்டன் தியேட்டரில் பிராட்வே தயாரிப்பு தொடங்கியது. பூனை வானேறும் இறுதிக் காட்சிக்காக அந்த அரங்கத்தின் கூரையையே திறந்து மாற்றியமைத்தார்கள். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஃபிராங்க் ரிச், குறைகளை எடுத்துச் சொன்னாலும், பார்ப்பவரை முழுமையாக வேறோர் உலகத்துக்குள் கொண்டுசெல்வதே இதன் வலிமை என்று கணித்தார். 1983-இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுகளில் ஏழு இந்த நாடகத்துக்குக் கிடைத்தன. கிரிசபெல்லாவாக நடித்த பெட்டி பக்லி ஒன்றைப் பெற்றார். சிறந்த நாடகப் பிரதிக்கும் சிறந்த பாடலாக்கத்துக்குமான விருதுகள், 18 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன எலியட்டின் பெயருக்கு வழங்கப்பட்டன. வேலரி மேடையேறிப் பெற்றுக்கொண்டார். நாடகப் பிரதியே இல்லை என்று குறைகூறப்பட்ட படைப்புக்குப் பிரதி விருதா என்று அன்றும் பலர் கேட்டார்கள். தம் சொல்லையே மாற்றாமல் ஒரு மேடையை நிரப்பிய கவிஞருக்கு அந்த விருது முற்றிலும் பொருத்தமானது என்பது என் கருத்து.

லண்டனில் 8,949 காட்சிகள் நடந்து, 21-ஆம் பிறந்த நாளான 2002 மே 11 அன்று நாடகம் நிறைவடைந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காகக் கோவன்ட் கார்டன் சதுக்கத்தில் பெரிய திரையில் அந்தக் கடைசிக் காட்சியை ஒளிபரப்பினார்கள். பிராட்வேயில் 7,485 காட்சிகள். 1997 ஜூனில் 'எ கோரஸ் லைன்' நாடகத்தின் சாதனையை முறியடித்து, 2000 செப்டம்பர் வரை ஓடியது. ஜப்பானில் ஷிகி நாடகக் குழு 1983-இல் டோக்கியோவில் தனிக்கூடாரம் அமைத்துத் தொடங்கிய தயாரிப்பு, ஊர் ஊராகச் சென்று 10,000 காட்சிகளைக் கடந்துவிட்டது. கறுப்புப் பின்னணியில் இரண்டு மஞ்சள் கண்கள், கண்மணிகளுக்குள் ஆடும் உருவங்கள். நடிகர் பெயரோ காட்சிப் படமோ இல்லாத அந்த விளம்பரம், எந்த நாட்டிலும் மொழிபெயர்க்கத் தேவையின்றிச் செல்லுபடியானது. ஒரே வடிவமைப்பை உலகமெங்கும் அப்படியே நிறுவும் பெருநாடக வழக்கம் இங்கிருந்து தொடங்கி, பின்னர் 'லே மிசராப்ளே', 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பெரா' ஆகியவற்றால் வளர்ந்தது. உள்ளூர் இயக்குநருக்கு இடமே இல்லாமல் செய்த அந்த வழக்கம் எனக்கு உவப்பானதன்று.

கவிதையில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே காப்பாற்றியிருக்கவும் முடியாது. கடற்கொள்ளைக்காரப் பூனையான குரௌல்டைகரைப் பற்றிய கவிதையில் சீனர்களை இழிவுபடுத்தும் சொல் உண்டு. மேடையில் அதை மாற்றினார்கள். 2016-ஆம் ஆண்டு பிராட்வே மறுதயாரிப்பில் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார்கள். நீக்கியது சரி. எழுத்துக்கு விசுவாசமாக இருப்பது என்றால் அதன் காலத்து இழிவையும் சுமந்து திரிய வேண்டும் என்று பொருளில்லை.

நாடகம் ஈட்டிய பணத்தில் ஒரு பங்கு கவிதைக்கே திரும்பியது என்பதைப் பலர் அறிவதில்லை. எலியட்டின் உரிமப் பங்கால் ஃபேபர் பதிப்பகம் நிமிர்ந்து நின்று, விற்பனை குறைந்த கவிஞர்களையும் தொடர்ந்து பதிப்பித்தது. வேலரி தமக்குக் கிடைத்ததிலிருந்து 'ஓல்ட் பாஸம்ஸ் பிராக்டிகல் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளையை நிறுவினார். லண்டன் லைப்ரரிக்குப் பெருந்தொகை அளித்தார். 1993 முதல் வழங்கப்பட்டுவரும் டி.எஸ். எலியட் கவிதைப் பரிசுக்கான தொகையையும் கொடுத்துவந்தார். 2012-இல் அவர் மறைந்தார். கில்லியன் லின்னின் பெயர் 2018-இல் அந்த நியூ லண்டன் தியேட்டருக்கே சூட்டப்பட்டது. அரச குடும்பத்தைச் சேராத ஒரு பெண்ணின் பெயரை லண்டனின் நாடகப் பகுதியான வெஸ்ட் எண்டில் ஓர் அரங்கம் தாங்கியது அதுவே முதல்முறை. அதே ஆண்டு ஜூலையில் அவரும் மறைந்தார்.

2019 டிசம்பரில் டாம் ஹூப்பர் இயக்கிய திரைப்படம் வெளியாகித் தோல்வியடைந்தது. நடிகர்களின் உடல்மீது கணினியில் ரோமம் வளர்த்ததால், நேப்பியரின் உடைகளில் இருந்த அந்த மனித உடல் காணாமற்போயிற்று. குப்பைமேட்டில் எஞ்சின் கட்டும் கற்பனைக்கும் வேலையில்லை. வேறொருவர் எழுதிய புதிய பாடலொன்றும் சேர்க்கப்பட்டது. தசைநாண் அறுந்ததால் 1981-இல் வாய்ப்பை இழந்த ஜூடி டென்ச், 38 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் படத்தில் ஓல்ட் டியூட்டரானமியாக நடித்தது மட்டும் எனக்கு நிறைவளித்தது.

2024 கோடையில் நியூயார்க்கின் பெரல்மன் கலை மையத்தில் 'கேட்ஸ்: தி ஜெல்லிகிள் பால்' என்ற புதிய தயாரிப்பு அரங்கேறியது. கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பால்புதுமையினர் நியூயார்க்கில் பல பத்தாண்டுகளாக வளர்த்த 'பால்ரூம்' போட்டிக் கலையின் களத்துக்கு நாடகத்தைக் கொண்டுபோனார்கள். பூனை வேடம் இல்லை, குப்பைமேடு இல்லை. ஒவ்வொரு கவிதையும் போட்டியில் இறங்கும் ஓர் ஆளின் அறிமுகமாயிற்று. கிரிசபெல்லாவாக, பால்ரூம் உலகிலிருந்தே வந்த ஒரு திருநங்கைக் கலைஞர் நடித்தார். ஒருவர்பின் ஒருவராக வந்து தம்மை அறிமுகம் செய்துகொள்வது அந்தக் கலையின் இயல்பே என்பதால், கதையில்லை என்ற பழைய குறைக்கு அங்கே இடமே இல்லாமற்போயிற்று.

புதிதாக அணுக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திரைப்படத்தில் தொடங்காதீர்கள். முதலில் எலியட்டின் நூலை, முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். மெல்லியதாகையால் ஒரே மாலையில் முடிந்துவிடும். பிறகு 1981 லண்டன் நடிகர்களின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். குறிப்பாக, கஸ் என்ற கிழநாடகப் பூனையின் பாடலில் ஸ்டீபன் டேட்டின் குரலைக் கவனியுங்கள். அதன்பின், அடெல்ஃபி தியேட்டரில் படமாக்கப்பட்டு 1998-இல் வெளியான காணொலியைப் பாருங்கள். எலைன் பெய்ஜ் அதிலும் கிரிசபெல்லாவாக நடித்திருக்கிறார். கஸ்ஸாக வருபவர் முதுபெரும் நடிகர் ஜான் மில்ஸ்.